வார்டில் 12 மாதம், மருந்துக்கடையில் ஒரு நாள்கூட இல்லை

இந்திய பார்மசி கவுன்சில் தலைவர், உறுப்பினர்கள் அவர்களுக்கு வணக்கம்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், ஈரோடு பக்கம் நான் வேலை பார்க்கும் மருந்துக்கடையில் நல்ல கூட்டம். வயதான அம்மா ஒருவர், "வாயெல்லாம் புண்ணு கண்ணு, கஞ்சிகூட எறங்க மாட்டேங்குது, ஏதாச்சும் மாத்திரை குடு" என்றார். பி காம்ப்ளெக்ஸ் பத்து எடுத்துக் கவரில் போட்டு நீட்டிவிட்டேன். காசுக்காக அவர் மஞ்சள்பையைத் துழாவும்போது ஒரு மெத்தோட்ரெக்ஸேட் அட்டை கீழே விழுந்தது. மூட்டுவாதத்துக்கு வாரத்தில் ஒரு நாள் மட்டும் போட வேண்டிய மாத்திரை. ஒன்பது நாளாகத் தினமும் ராத்திரி போட்டிருக்கிறார். தினமும் போட்டால் அது விஷம், அந்த வாய்ப்புண்ணே அதன் அடையாளமாக இருக்கலாம். சீட்டில் வாரம் ஒரு முறை என்றுதான் இருந்தது, இங்கிலீஷில். உடனே நிறுத்தச் சொல்லி, அட்டையோடு அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். "ஏம்மா, கூட்டம் நிக்குது, கதை பேசிட்டிருக்கே" என்றார் முதலாளி.

மெத்தோட்ரெக்ஸேட் எனக்குத் தெரியாத மருந்தல்ல. படிக்கும்போது பயிற்சி எடுத்த வார்டில் கேஸ் ஷீட்டும் ரத்தப் பரிசோதனை முடிவும் கையில் இருந்தன, அதைப் பார்த்துப் பேசினேன். கடையில் இருப்பது வெட்டிய அட்டையும் அரை நிமிடமும். அந்த அரை நிமிடத்தில் எதைக் கேட்க வேண்டும் என்று எனக்கு யாரும் பழக்கவில்லை. அட்டை விழுந்ததால் பார்த்தேன், அவ்வளவுதான்.

உங்கள் 2008 விதிமுறை உங்களுக்குத் தெரியாததல்ல. நான் படித்த பார்ம்.டி. என்ற ஆறு வருட பார்மசிப் படிப்பில், கடைசியான ஆறாம் ஆண்டுப் பயிற்சி இப்படி: பொது மருத்துவத்தில் ஆறு மாதம், வேறு மூன்று சிறப்புப் பிரிவுகளில் இரண்டிரண்டு மாதம். எல்லாமே ஆஸ்பத்திரி. மருந்துக்கடைப் பணி இரண்டாம் ஆண்டில் ஒரு தியரி பாடமாக வந்து போகிறது. இரண்டு வருட பார்மசி டிப்ளமாக்காரருக்கு 500 மணி நேரப் பயிற்சி விதித்திருக்கிறீர்கள், அதைக் கடையிலும் செய்யலாம். ஆறு வருடம் படித்த எங்களுக்கு அது வேண்டாம் போலிருக்கிறது. பெயருக்கு முன்னால் டாக்டர் என்று போட்டுக்கொள்ளலாமா கூடாதா என்று நாங்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தால் போதும்.

அமெரிக்காவில் பார்ம்.டி. முடித்தவர்கள் ரெசிடென்சி என்ற ஒரு வருட மேற்பயிற்சியை மளிகைக்கடைக்குள் இருக்கும் மருந்தகத்தில்கூடச் செய்கிறார்கள். குரோகர் மாதிரி சூப்பர் மார்க்கெட்டுகளில், ஒரு பக்கம் காய்கறி, மறுபக்கம் தடுப்பூசியும் சர்க்கரை நோய் ஆலோசனையும். சம்பளம் உண்டு, சொல்லிக்கொடுக்க ஒரு மூத்த பார்மசிஸ்ட் உண்டு. இங்கே பார்மசிஸ்ட் தன் சான்றிதழைக் கடைக்கு வாடகைக்கு விட்டுவிட்டு ஆள் வேறு ஊரில் இருப்பதும், பில் போடும் பையன் மருந்து கொடுப்பதும் உங்கள் காதுக்கு வராத சங்கதியா? நோயாளிக்கு ஆலோசனை சொல்ல வேண்டும் என்று 2015இல் விதி போட்டீர்கள். யார் சொல்வது, அதற்கு எங்கே பழகுவது?

சரி, கோபத்தில் எங்கோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது பெரிதல்ல. அந்த மூன்று சிறப்புப் பிரிவுகளில் ஒன்றைக் குறைத்து, அந்த இரண்டு மாதத்தை மருந்துக்கடைக்குக் கொடுங்கள். அப்புறம், படிப்பு முடித்தவர்களுக்கு உதவித்தொகையோடு ஒரு வருடக் கடைப் பயிற்சியைத் தொடங்குங்கள். முதலில் அந்த இரண்டு மாதம். தயவுசெய்து அடுத்த ஆறாம் ஆண்டு மாணவர்களுக்காவது அது கிடைக்கட்டும்.

அந்த அம்மா இன்னும் கடைப்பக்கம் வரவில்லை.

இப்படிக்கு,
ஒரு மருந்துக்கடைப் பார்மசிஸ்ட்