பட்டறைக் கதவைத் திறந்து வைத்தவர்களுக்கு

கணபதி, ஆவாரம்பாளையம், சின்னவேடம்பட்டி, குறிச்சி சிட்கோ, அரசூர் ஆகிய பகுதிகளில் பட்டறைகளும் ஃபவுண்டரிகளும் (வார்ப்பாலைகளும்) பம்பு ஆலைகளும் நடத்திவரும் உரிமையாளர்களுக்கும், அங்கே பணிபுரியும் கடைசல் வேலை செய்யும் டர்னர்கள், வார்ப்பச்சு செய்யும் மோல்டர்கள், ஃபிட்டர்கள், மோட்டாருக்குக் கம்பி சுற்றும் வைண்டிங் பிரிவுச் சகோதரிகள், கணக்கர்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

கோவையின் பாலிடெக்னிக் கல்லூரி ஒன்றில் இயந்திரவியல் ஆசிரியராக 27 ஆண்டுகள் பணியாற்றி, இம்மாத இறுதியில் ஓய்வு பெறுகிறேன். கடந்த வாரம் நடந்த வழியனுப்பு விழாவில் சால்வை போர்த்தியவர்கள், எங்கள் மாணவர்கள் படிப்பு முடிந்த கையோடு வேலைக்குப் பக்குவமாகி வெளியேறுவதற்கு நான்தான் காரணம் என்று பேசினார்கள். அவர்கள் பாராட்டிய பணியில் பெரும்பகுதி உங்கள் கூரைகளுக்குக் கீழே, உங்கள் மின்சாரத்தில், உங்கள் நேரத்தில் நடந்தது. மேடையில் அதை முழுமையாகச் சொல்ல அவகாசம் கிடைக்காததால் இம்மடலை எழுதுகிறேன். பெயர்களைக் குறிப்பிட வேண்டாம் என்று உங்களில் பலர் கேட்டுக்கொண்டிருப்பதால், செயல்களை மட்டும் சொல்கிறேன். எது யாருடையது என்பது உரியவருக்குத் தெரியும்.

மூன்றரை ஆண்டு சான்ட்விச் டிப்ளமோவில் இரண்டு அரையாண்டுகளைத் தொழிற்சாலையில் கழிக்க வேண்டும் என்பது பாடத்திட்டம். ஏட்டில் அழகாகவே இருக்கும் இந்த ஏற்பாடு, நடைமுறையில் பல ஆண்டுகள் எங்களைத் தலைகுனிய வைத்தது. பெரிய நிறுவனம் ஒன்றில் பயிற்சிக்குச் சென்ற எங்கள் மாணவர் ஒருவர், ஆறு மாதமும் ஸ்டோர்ஸில் அட்டைப்பெட்டிகளை எண்ணிவிட்டு, எந்த இயந்திரத்தையும் தொடாமலேயே சான்றிதழோடு திரும்பி வந்தார். அந்தச் சான்றிதழில் கையொப்பமிட வேண்டியவன் நான். அன்று வந்த மனவருத்தத்தில்தான், 2013 மே மாத வெயிலில், மாணவர் பட்டியலை எடுத்துக்கொண்டு கணபதியில், பிறர் தரும் வேலையைக் கூலிக்குச் செய்துதரும் ஜாப் ஆர்டர் பட்டறைகள் இருக்கும் சந்துகளில் ஒவ்வொரு வாசலாக ஏறி இறங்கினேன்.

முதலில் என்னை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்த உரிமையாளர் கேட்ட கேள்வி இன்றும் நினைவில் நிற்கிறது: "பசங்களை அனுப்புங்க சார், வேண்டாங்கல. மெஷினு ஒடைஞ்சா ஆரு பொறுப்புங்க?" என்னிடம் பதில் இல்லை. கல்லூரி நிர்வாகமும் அதற்குப் பொறுப்பேற்கும் நிலையில் இல்லை. நான் எழுந்து விடைபெற முயன்றபோது அவர், மூலையில் இருந்த பழைய லேத் (கடைசல் இயந்திரம்) ஒன்றைக் காட்டி, முதல் இரண்டு மாதம் அதில் பழகட்டும், பிறகு பார்க்கலாம் என்றார். அந்த ஆண்டு ஏழு மாணவர்கள் உங்களில் நான்கு பேரிடம் வந்தார்கள். எங்களுக்கிடையில் அன்று ஒப்பந்தப் பத்திரம் எதுவும் கிடையாது.

அவர் கேட்ட கேள்விக்கு 2017-இல் விடை கிடைத்தது. வேறொரு பட்டறையில், எங்கள் மாணவர் ஒருவர் வி.எம்.சி. எனும் கணினிவழி உலோகம் வெட்டும் இயந்திரத்தில், கருவியின் நீள அளவைக் குறிக்கும் டூல் ஆஃப்செட்டைத் தவறாகப் பதிவு செய்துவிட்டு ஓட்டியதில், கருவி முழு வேகத்தில் பொருளைப் பிடித்திருக்கும் வைஸின் மீது மோதி, கருவியைச் சுழற்றும் ஸ்பிண்டில் பழுதானது. ஒன்பது நாட்கள் இயந்திரம் நின்றது. செய்தி கேட்டு நான் ஓடிவந்தபோது, அந்தப் பையனை அனுப்பிவிட்டிருப்பார்கள் என்றுதான் எண்ணினேன். உரிமையாளரோ அவரைச் சர்வீஸ் இன்ஜினியருக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார வைத்திருந்தார். ஸ்பிண்டில் எப்படிக் கழற்றப்படுகிறது, பேரிங் எப்படிச் சோதிக்கப்படுகிறது என்பதை ஒன்பது நாளும் பார்த்து எழுதச் சொல்லியிருந்தார். செலவைப் பற்றி என்னிடம் ஒரு சொல் பேசவில்லை. இயந்திரத்தை ஓட்டத் தொடங்கும் முன் சரிபார்க்க வேண்டியவற்றை அந்த மாணவர் ஒரு பக்கத்தில் எழுதி, பிளாஸ்டிக் உறையிலிட்டு அந்த வி.எம்.சி.யின் கதவில் ஒட்டினார். அந்தத் தாள் இன்றும் அங்கே இருக்கிறது. அவருக்கும் அந்த உரிமையாளருக்கும் நான் பட்டிருக்கும் கடன் பெரிது.

அரசூர் ஃபவுண்டரி உரிமையாளருக்கு நன்றி சொல்லும்போது கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். வார்ப்படக் குறைபாடுகளை நாங்கள் பாடப்புத்தகப் படங்களை வைத்தே நடத்தி வந்தோம். ஊதுதுளை என்றால் ஒரு சிறு வட்டம், சுருக்கக் குழி என்றால் கோணல்மாணலான ஒரு கறுப்புப் புள்ளி. மாணவர்கள் படத்தை வரைந்து மதிப்பெண் வாங்கினார்கள். ஒருநாள் பேச்சுவாக்கில் இதைச் சொன்னேன். மறுவாரம் ஒரு டெம்போ நிறைய ரிஜெக்ட் ஆன வார்ப்படங்கள் கல்லூரிக்கு வந்து இறங்கின. ஒவ்வொன்றும் குறை இருக்கும் இடத்தில் குறுக்காக அறுக்கப்பட்டிருந்தது. ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு: உலோகத்தை ஊற்றியபோது இருந்த வெப்பநிலை, மணலின் ஈரப்பதம், வார்ப்படத்தின் உட்குழிவை உருவாக்கும் மணல் கோர் சுடப்பட்ட நேரம், ஏன் இப்படி ஆனது என்று அங்கிருக்கும் மேஸ்திரி கருதிய காரணம். சாம்பல்நிற வார்ப்பிரும்பை ஏறத்தாழ 1,350 டிகிரி செல்சியஸுக்கு மேல் ஊற்ற வேண்டும் என்று நாங்கள் கரும்பலகையில் எழுதிப்போடுவோம். சூடு தணிந்த உலோகத்தின் இரு ஓட்டங்கள் சந்தித்தும் ஒட்டாமல் நிற்கும் கோடு எப்படி இருக்கும் என்பதை மாணவர்கள் விரலால் தடவி உணர்ந்தது அன்றுதான். பம்பின் வெளிக்கூடான கேசிங்கின் தடித்த பகுதி கடைசியாகக் குளிர்வதால், அங்கே உலோகம் போதாமல் உள்ளே குழிவிழுவதை அறுத்த முகத்தில் கண்டார்கள். குளிரும் இடத்துக்குக் கூடுதல் உலோகம் ஊட்டும் ரைசரை எங்கே வைக்க வேண்டும் என்று நான் கேட்பதற்கு முன்பே அவர்களே சொன்னார்கள்.

ஓர் உற்பத்தியாளர் தம் தோல்விகளை வெளியே கொடுப்பது எளிதான காரியமல்ல. போட்டியாளர் பார்க்கலாம், வாடிக்கையாளர் பார்க்கலாம். வாடிக்கையாளரின் பெயர் வார்க்கப்பட்ட பகுதியை மட்டும் கிரைண்டரால் தேய்த்துவிட்டு அவர் கொடுத்தார். எங்கள் ஆய்வக அலமாரியில் மூன்று தட்டுகளை நிறைத்து நிற்கும் அந்த வார்ப்படங்களைவிட மதிப்புள்ள பாடநூல் எங்கள் நூலகத்தில் இல்லை என்பது என் துணிந்த கருத்து.

சின்னவேடம்பட்டியில் நீர்மூழ்கி மோட்டார்களுக்கு வைண்டிங் செய்யும் அம்மையாருக்கு என் தனிப்பட்ட வணக்கம். மோட்டாருக்குள் நீர் நிரம்பியே இருப்பதால், சாதாரண எனாமல் கம்பிக்குப் பதிலாகப் பாலிமர் உறை சுற்றிய கம்பியை மோட்டாரின் ஸ்லாட்டுகளில் (காடிகளில்) செலுத்த வேண்டும். உறையில் கீறல் விழுந்தால் அந்த இடத்தில் ஒருநாள் மோட்டார் எரியும். மாணவர்களை நகம் வெட்டிக்கொண்டு வரச் சொல்லித் திருப்பி அனுப்பிய அவர், காரணத்தையும் சொன்னார்: "இங்க நகம் பட்டா அங்க தோட்டத்துக்காரருக்குப் பயிரு காயும் கண்ணு." பல நூறு அடி ஆழத்திலிருந்து மோட்டாரை மேலே இழுக்க ஆள் கூலியும் வண்டி வாடகையும் யார் கொடுக்கிறார்கள் என்பதை அவர் விளக்கிய பிறகு, தரக்கட்டுப்பாடு பற்றி நான் எடுக்கும் பாடத்தை அவர் பெயரைச் சொல்லியே தொடங்கி வந்திருக்கிறேன். பம்பு சோதனை மேடையில், நீர்மூழ்கிப் பம்புகளுக்கான ஐ.எஸ். 8034 என்ற இந்தியத் தரக்குறிப்பின்படி நீரேற்று உயரம், வெளியேற்றம், மின்செலவு ஆகியவற்றை அளக்கக் கற்றுத்தந்த பெரியவரையும் மறக்க இயலாது. "நாஞ் சொல்றேன்னு எழுதாதீங்க தம்பி, அளந்து பார்த்து எழுதுங்க" என்று ஒவ்வோர் அளவீட்டுக்கும் அவர் சொல்லுவார்.

2018-இல் முதன்முறையாக இரண்டு மாணவிகள் பட்டறைப் பயிற்சியை விரும்பிக் கேட்டார்கள். அவர்களை ஏற்க இசைந்த குறிச்சிப் பட்டறையில் பெண்களுக்குக் கழிப்பறை கிடையாது என்பது எனக்குத் தெரியும். எப்படிக் கேட்பது என்று தயங்கிக்கொண்டிருந்தேன். ஜூன் மாதம் அவர்களை அழைத்துச் சென்றபோது, பின்கட்டில் புதிதாகக் கட்டி வெள்ளையடித்து, உள்தாழ்ப்பாளோடு அது தயாராக இருந்தது. யாரும் அதைப் பற்றி எதுவும் பேசவில்லை. அவ்விருவரின் பெற்றோர் அன்று மாலை நிம்மதியோடு ஊர் திரும்பியதற்கு அந்தச் சிறிய கட்டடமே காரணம்.

இந்த ஊருக்கு இவ்வழக்கம் புதிதன்று என்பதை அறிவேன். பீளமேட்டில் 1926-இல் தோன்றிய பி.எஸ்.ஜி. அறநிலையம், தொழிற்கூடத்தையும் கல்வி நிலையங்களையும் அருகருகே வளர்த்தது. 1937-இல் இந்தியாவின் முதல் மின்மோட்டார் உருவாகக் காரணமான ஜி.டி.நாயுடு, 1945-இல் தாம் துணைநின்று தொடங்கிய தொழில்நுட்பக் கல்லூரியில், பொறியியலுக்கு நான்காண்டு தேவையில்லை, இரண்டே போதும் என்று வாதாடி, ஏற்கப்படாததால் பொறுப்பிலிருந்து விலகினார். ஆண்டுக் கணக்கில் அவரோடு எனக்கு முழு உடன்பாடு இல்லை. கணிதத்தை அவசரப்படுத்த முடியாது. ஆனால் பயிற்சிக்கூடத்தில் கழியாத ஆண்டுகள் வீணானவை என்ற அவருடைய தவிப்பு எனக்கு முழுமையாகப் புரிகிறது.

வரப்போகும் வேலைகளுக்கு எங்களைத் தயார்படுத்தியவர்களும் நீங்களே. 2019-இல் விவசாயிகளுக்கான மத்திய அரசின் பி.எம். குசும் திட்டம் வந்து சூரிய சக்திப் பம்புகளுக்குத் தேவை கூடியபோது, எங்கள் பாடத்திட்டத்தில் அவற்றின் கன்ட்ரோலர்கள் பற்றி ஒரு வரிகூட இல்லை. மேகம் மறைத்து வெயில் குறையும்போது, பேனலிலிருந்து கிடைக்கும் அதிகபட்ச மின்திறனைத் தேடிப் பிடித்து மோட்டாரின் வேகத்தை மாற்றும் அந்தக் கருவியை, சனிக்கிழமை பிற்பகல்களில் உங்கள் இன்ஜினியர்கள் மொட்டைமாடியில் வைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். மாணவர்களோடு நானும் அமர்ந்து ஐம்பத்தைந்து வயதில் குறிப்பெடுத்தேன். 2022-இல் தமிழக அரசு தொடங்கிய நான் முதல்வன் திறன் பயிற்சித் திட்டமும், 71 அரசு தொழிற்பயிற்சி நிலையங்களை டாடா டெக்னாலஜிஸோடு சேர்ந்து மேம்படுத்திய ஏற்பாடும் புதிய இயந்திரங்களையும் பாடங்களையும் மாணவர்களின் கைக்கெட்டும் தூரத்தில் கொண்டுவந்திருக்கின்றன, அவற்றை வரவேற்கிறேன். எனினும், ஒரு பழைய டர்னர் பக்கத்தில் நின்று கவனிக்கும் ஆறு மாதங்களுக்கு அவை ஈடாகா என்று நம்புகிறேன்.

டிப்ளமோ முடித்த பழகுநருக்கு மாதம் 8,000 ரூபாய் குறைந்தபட்ச உதவித்தொகை என்று 2019-இல் விதி திருத்தப்பட்டு, அதில் பாதியை மத்திய அரசு ஏற்கும் வாய்ப்பு இருந்தும், இணையத்தில் பதிவு செய்யத் தெரியாமல் சிறு பட்டறைகள் ஒதுங்கியிருந்தன. ஆவாரம்பாளையத்துப் பட்டறை ஒன்றின் கணக்காளப் பெண்மணி அதைத் தாமே கற்று, அண்டையிலிருந்த பட்டறைகளுக்கும் பதிவு செய்துகொடுத்தார். இதற்காக அவர் ஒரு ரூபாயும் வாங்கவில்லை.

2020 ஊரடங்கில் ஆர்டர் இன்றி நீங்கள் தவித்ததையும், 2022-இல் மின்சார நிலைக்கட்டணம் உயர்ந்தபோது இரவு ஷிப்டை நிறுத்தியதையும் அருகிலிருந்து பார்த்தேன். அந்த ஆண்டுகளிலும் எங்கள் பட்டியலை நீங்கள் திருப்பி அனுப்பவில்லை. அதற்கு நன்றி என்ற சொல் போதாது. வேறு சொல்லும் எனக்குக் கிடைக்கவில்லை.

வரும் ஜூனில் புதிய துறைத்தலைவர் அடுத்த அணியோடு உங்களிடம் வருவார். நன்றி மடலில் வேண்டுகோள் வைப்பது முறையில்லை என்றாலும், ஒன்று கேட்டுவிடுகிறேன். மின்வாகன மோட்டார்களுக்கு உலோக அச்சில் அழுத்தத்தோடு வார்க்கும் அலுமினிய டை காஸ்டிங் கவசங்கள் செய்யத் தொடங்கியிருப்பவர்கள், உள்ளே காற்றுத்துளை விழுந்து ரிஜெக்ட் ஆனவற்றில் சிலவற்றை அறுத்து, சீட்டோடு கொடுத்தனுப்புங்கள். ஆய்வகத்தில் நான்காவது தட்டைத் துடைத்துக் காலியாக வைத்திருக்கிறோம்.

என்றும் நன்றியுடன்,
இயந்திரவியல் துறைத்தலைவர்,
கோயம்புத்தூர்