ராஜினாமா எழுதிக் கொடுக்கும் முன்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளைப் பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 29 சட்டங்கள் நான்கு தொகுப்புகளாகி 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்ததும், நிலையாணைகளுக்கான (நிறுவனத்தின் எழுத்து வடிவப் பணி விதிகள்) வரம்பு 100 பேரிலிருந்து 300 பேராக உயர்ந்ததும், வேலைநிறுத்தத்துக்கு 14 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும் என்பதும் தெளிவாக எழுதப்பட்டிருந்தன. ஆனால் வேலைக்குச் சேர்ந்து இரண்டு மூன்று வருஷமே ஆன ஒருவருக்கு முதலில் தெரிய வேண்டிய விஷயம் அதில் இல்லை. தனி அறையில் உட்காரவைத்து "ராஜினாமா எழுதிக் கொடுத்துடுப்பா" என்று கேட்டால், அங்கேயே எழுதிக் கொடுக்கக் கூடாது.

நான் அம்பத்தூரில் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் டர்னராக இருந்து ஓய்வு பெற்றவன். சங்கப் பொறுப்பில் இருந்ததால், உள்விசாரணைகளில் சக தொழிலாளிக்குத் துணையாக உட்கார்ந்து குறுக்கு விசாரணை செய்திருக்கிறேன். இன்றைக்கும் மனு எழுதித் தரச் சொல்லி ஆட்கள் வருகிறார்கள். வருகிறவர்களில் பலர் எல்லாம் எழுதிக் கொடுத்து முடித்த பிறகுதான் வருகிறார்கள். கடிதத்தின் வாசகம் ஊருக்கெல்லாம் ஒன்றுதான்: "சொந்தக் காரணங்களுக்காக."

அந்த ஒரு வரி என்ன செய்கிறது? வேலையை விட்டு நிறுத்துவது என்றால் நிர்வாகத்துக்கு நிறைய வேலை இருக்கிறது. குற்றச்சாட்டு என்றால் சார்ஜ் ஷீட் கொடுக்க வேண்டும், விளக்கம் கேட்க வேண்டும், விசாரணை நடத்த வேண்டும், சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்ய விட வேண்டும். ஆள் அதிகம் என்றால் அது ஆட்குறைப்பு. ஓராண்டு தொடர்ந்து வேலை பார்த்தவருக்கு ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம் தர வேண்டும். அதோடு முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியமும் சேரும். அந்த ஓராண்டுக் கணக்குக்குப் பொதுவாக 240 நாள் வேலை போதும். இத்தனையும் "அவராகவே போய்விட்டார்" என்றால் தேவையில்லை. சட்டத்தில் ஆட்குறைப்புக்குத் தரும் விளக்கத்திலேயே, தொழிலாளி தானாக முன்வந்து விலகுவது சேராது. தொழிலாளர் துறையின் சமரச அலுவலர் முன்னால் போய் நின்றால் அவர் கேட்கும் முதல் கேள்வி, "இது உங்க கையெழுத்துதானே?"

இதைக் கொஞ்சம் பின்னோக்கிப் பார்த்தால் நன்றாகப் புரியும். 1918 ஏப்ரலில் பெரம்பூர் பக்கிங்காம், கர்னாடிக் மில் தொழிலாளர்களை வைத்துச் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது. பி.பி. வாடியா தலைவர், திரு.வி.க. உடன் நின்றார். மில் நிர்வாகம் உயர் நீதிமன்றத்துக்குப் போய் வாடியா மீதும் மற்றவர்கள் மீதும் வழக்குப் போட்டது. தொழிலாளிகள் வேலை ஒப்பந்தத்தை மீறும்படி தூண்டினார்கள் என்பது புகார். நீதிமன்றம் தடையாணையும் தந்தது. சாதாரண ஒப்பந்தச் சட்டத்தின் கண்ணுக்கு மில் முதலாளியும் நூற்பு ஆளும் சமமான இரண்டு தரப்பு! சங்கத்துக்கு அந்த வகை வழக்கிலிருந்து பாதுகாப்பு கொடுத்தது 1926ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டம். 1947இன் தொழிற்தகராறு சட்டம், 1965இல் தனி ஒருவரின் பணிநீக்கத்தையே தொழிற்தகராறாக ஏற்ற திருத்தம், தண்டனை அதிகமா என்று நீதிமன்றமே பார்க்கலாம் என்று அதே சட்டத்தில் 1971இல் சேர்ந்த 11ஏ பிரிவு என்று ஒவ்வொன்றாக வந்து, அந்தச் 'சமம்' என்ற கற்பனையைக் கழித்தன. ராஜினாமாக் கடிதம் ஒருவரை மறுபடி அந்தத் தடையாணைக் காலத்துக்கே கொண்டு போய் விடுகிறது. இரண்டு சமமான தரப்பு பேசிப் பிரிந்ததாகக் கணக்கு.

எங்கள் பட்டறையில் ஒரு ஃபிட்டர். இரவு ஷிஃப்டில் கம்ப்ரஸர் அறையில் தூங்கினார் என்று மெமோ. எழுதிக் கொடுத்தால் கௌரவமாகப் போகலாம் என்றார்கள், மறுத்துவிட்டார். விசாரணையில் சூப்பர்வைசர், இரவு இரண்டரை மணிக்கு நேரில் பார்த்ததாகச் சாட்சி சொன்னார். கேட் ரிஜிஸ்டரை வரவழைத்தோம். கையில் அடிபட்ட ஒருவரை இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்கு அழைத்துக்கொண்டு இரண்டு மணிக்கே அந்தச் சூப்பர்வைசர் வெளியே போயிருந்தார். திரும்பியது நாலு மணிக்கு. இதற்குப் பிறகும் விசாரணை அதிகாரி "குற்றச்சாட்டு நிரூபணம்" என்றுதான் எழுதினார், அவருக்கு ஃபீஸ் கொடுப்பது யார் என்று எல்லோருக்கும் தெரியும். டிஸ்மிஸல் ஆர்டர் வந்தது. தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் உள்ள தொழிலாளர் துறை அலுவலகத்தில் சமரசப் பேச்சு நடந்து முறிந்தது. தொழிலாளர் நீதிமன்றம் அந்த விசாரணைப் பதிவைப் படித்துவிட்டு, பணித் தொடர்ச்சியோடும் பாதிச் சம்பளப் பாக்கியோடும் மறுபடி வேலை கொடுக்கச் சொன்னது. இதற்கு வருஷக்கணக்கில் ஆனது. இடையில் மனைவியின் தையல் வருமானத்தில்தான் குடும்பம் ஓடியது, அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் நீதிமன்றம் எடுத்துப் படிக்க ஒரு காகிதம் இருந்தது.

அறைக்குள் சொல்லப்படும் பயமுறுத்தல்களில் பெரும்பாலானவை வெறும் காற்று. எழுதிக் கொடுக்காவிட்டால் பி.எஃப். வராது என்பார்கள். அது உங்கள் கணக்கில் உள்ள பணம், யாரும் நிறுத்த முடியாது. கிராஜுவிட்டி போய்விடும் என்பார்கள். நிறுவனச் சொத்துக்கு நஷ்டம், வன்முறை, ஒழுக்கக்கேடான குற்றம் போன்ற சில காரணங்களுக்கு மட்டுமே அதைப் பிடிக்கலாம். சம்பளப் பாக்கியைப் பொறுத்தவரை, நீக்கினாலும் நீங்களே விலகினாலும் இரண்டு வேலை நாளுக்குள் தர வேண்டும் என்கிறது ஊதியத் தொகுப்பு.

அனுபவச் சான்றிதழ் விஷயம் மட்டும் காற்று இல்லை. ஐ.டி. கம்பெனிப் பிள்ளைகள் அடுத்த வேலைக்கான சரிபார்ப்பில் 'நீக்கம்' என்று வருமே என்று நடுங்குகிறார்கள், அது நியாயமான பயம். கையில் வேறு வேலை இருப்பவர் கணக்குப் போட்டுப் பார்த்து விலகினால் அது அவர் முடிவு. நான் சொல்வது, அந்தக் கணக்கை வீட்டுக்குப் போய்ப் போடுங்கள் என்பதுதான். அப்புறம், "நான் டீம் லீட், எனக்குச் சட்டம் பொருந்தாது" என்று அவர்களாகவே ஒதுங்குவதும் நடக்கிறது. பதவிப் பெயரைச் சட்டம் பார்ப்பதில்லை, உண்மையில் செய்கிற வேலையைத்தான் பார்க்கிறது.

உங்கள் கட்டுரையில் ஒரு திருத்தம். பணிநீக்கத்தை எதிர்த்துப் போக மூன்று ஆண்டு அவகாசம் என்று வந்திருந்தது. அது பழைய சட்டத்தின் கணக்கு. புதிய தொழிலுறவுத் தொகுப்பில் இரண்டு ஆண்டுதான். இதைத் தனியாக வெளியிட்டால் நல்லது, நாள் தவறி வருகிறவர்களுக்கு யாராலும் உதவ முடியாது.

ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டவர்களுக்கு ஒன்று. நிர்வாகம் ஏற்றுக்கொள்வதற்குள் ராஜினாமாவைத் திரும்பப் பெறலாம். அதனால் அன்று இரவே, யார் யார் அறையில் இருந்தார்கள், எத்தனை மணி, என்ன சொன்னார்கள் என்று எழுதி, வற்புறுத்தலால் கொடுத்த கடிதத்தைத் திரும்பப் பெறுகிறேன் என்று மின்னஞ்சல் அனுப்புங்கள். கம்பெனி மெயிலை முடக்கியிருப்பார்கள், சொந்த முகவரியிலிருந்து அனுப்புங்கள். மறுநாள் அதையே ஸ்பீட் போஸ்ட்டிலும் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். வழக்கமான ஷிஃப்டுக்குப் போய் நில்லுங்கள். கேட்டில் நிறுத்தினால் அந்தத் தேதியையும் நேரத்தையும் எழுதி இன்னொரு கடிதம். சமரச அலுவலருக்கான மனுவில் இந்த மூன்றையும் இணைக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற டர்னர் (பெயர் வெளியிட வேண்டாம்)
அம்பத்தூர், சென்னை