நம் உடற்பயிற்சிக் கழகத்தின் 2023-24ஆம் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, பொதுக்குழுவுக்கு வந்திருந்த பதினோரு உறுப்பினர்களே, வராத ஐம்பத்தோரு உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம். பதினோரு பேரில் நான்கு பேர் பஜ்ஜி வந்த பிறகுதான் வந்தார்கள் என்பதையும் பதிவு செய்துவிடுகிறேன். கூட்டத்தில் வாசித்த அறிக்கையை வராதவர்களும் படிக்கட்டும் என்றுதான் வாட்ஸ்அப் குழுவில் போடுகிறேன்.

சுதந்திர தினம், குடியரசு தினம் இரண்டிலும் கொடி ஏற்றினோம். ஆயுதபூஜைக்குப் பொரிகடலை கொடுத்தோம். ஐப்பசி மழையில் வடக்குச் சுவர் ஒழுகியது, பூசினோம். பொங்கலுக்கு வழக்கம்போல இளவட்டக்கல் தூக்கும் போட்டி நடந்தது, யாருக்கும் காலில் கல் விழவில்லை. மின்விசிறி ஒன்று பழுது, இன்னும் பழுதுதான்.

அடுத்து, பலகை விஷயம். இந்த ஆண்டு கழகத்தில் நடந்த பேச்சு, சண்டை, கோபம், வராமை எல்லாவற்றுக்கும் அதுதான் காரணம் என்று சொல்கிறார்கள். அதை எழுதியவன் நான் என்பதால் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

நம் கூடத்தில் உள்ளே நுழைந்ததும் தெரிகிற மாதிரி ஒரு கரும்பலகை உண்டு. யார் அதிக எடை தூக்கினார் என்று அதில் எழுதியிருக்கும். ஆறு வருஷமாக முதல் பெயர் மாறவில்லை. நம் மண்டி அண்ணாச்சி. புதிதாகச் சேரும் பையன்கள் ஐம்பது, ஐம்பத்தைந்து கிலோ இருப்பார்கள். அந்த எண்ணைப் பார்ப்பார்கள், தாங்கள் தூக்கிய அறுபதைப் பார்ப்பார்கள், பத்து நாளில் காணாமல் போவார்கள். இது கண்ணால் பார்த்தது.

அதனால் சென்ற ஜூன் மாதம் பலகையை அழித்துவிட்டுப் புதுக்கணக்கு எழுதினேன். தூக்கிய எடையை உங்கள் உடல் எடையால் வகுக்க வேண்டும், வருகிற மடங்குதான் உங்கள் இடம். அவ்வளவுதான். டெட்லிஃப்ட் மட்டும் என்று வைத்தேன். தோளில் எடையோடு உட்கார்ந்து எழுகிற ஸ்குவாட் என்றால் முழுசாக உட்கார்ந்தானா இல்லையா என்று சண்டை வரும். மல்லாந்து படுத்துத் தூக்குகிற பெஞ்ச் என்றால் பார், அதாவது பிளேட் மாட்டும் கம்பி, நெஞ்சைத் தொட்டதா என்று வரும். டெட்லிஃப்டில் தரையில் கிடக்கிறது, நிமிர்ந்து நின்றால் முடிந்தது. செருப்பில்லாமல், அன்று சாயங்காலமே எடை பார்க்க வேண்டும் என்பது விதி.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு என்று சிலர் பேசுகிறார்கள். பளுதூக்கும் போட்டிகளில் எடைப் பிரிவு வைத்திருப்பதே இதற்காகத்தான். 1988 சியோல் ஒலிம்பிக்கில் துருக்கியின் நயிம் சுலைமானோக்லு 60 கிலோ பிரிவில் நின்று 190 கிலோவைத் தலைக்கு மேல் தூக்கினார். மூன்று மடங்குக்கும் மேலே. நம் வேலூர் சத்துவாச்சாரி சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் தங்கம் வாங்கியபோது, ஒரே வீச்சில் தலைக்கு மேல் தூக்கும் ஸ்னாட்சில் 149, தோளில் நிறுத்திப் பிறகு மேலே ஏற்றும் கிளீன் அண்ட் ஜெர்க்கில் 179. அவரையும் நூறு கிலோவுக்கு மேல் இருக்கிற ஆளையும் ஒரே பட்டியலில் போட்டு யார் பலசாலி என்று கேட்டால் நியாயமா?

பலகை மாறிய மூன்றாவது வாரம் ஒருநாள் ராத்திரி எட்டரை மணிக்கு லோடுமேன் தம்பி வந்தார். அன்று இரண்டு லாரி இறக்கிவிட்டு வந்திருந்தார். உள்ளங்கையில் சாக்கு நார் உரசிய சிவப்பு, வலது தோளில் மூட்டை உட்கார்ந்து உட்கார்ந்து கருத்துப்போன தடிப்பு. எடைமேடையில் ஏற்றினால் கட்டிலிலிருந்து எழுந்த நோயாளி மாதிரி எடை. சாக்பீஸ் தூளைக் கையில் தேய்த்துக்கொண்டு, "எவ்வளவு போடணும்ணே?" என்றார். நூறில் ஆரம்பித்தோம். ஒவ்வொரு தடவையும் அவர் பாரைப் பார்க்கவே இல்லை, எதிர்ச் சுவரில் நின்ற பல்லியைப் பார்த்துக்கொண்டே எழுந்தார். கடைசியில் 150. அவர் எடை 54. இரண்டே முக்கால் மடங்குக்குக் கொஞ்சம் மேல். கூடத்தில் இருந்த ஏழு பேரும் கைதட்டினோம். இரண்டு வருஷமாக இங்கே வருகிறவர், அதுவரை பலகையில் பெயரே கிடையாது.

பலகையில் இப்போதைய நிலை: லோடுமேன் தம்பி 2.78, மினி பஸ் ஓட்டும் தம்பி 72 கிலோ உடம்பில் 170 தூக்கி 2.36, மூன்றாவது அடியேன், 58 கிலோவில் 125, அதாவது 2.16. மண்டி அண்ணாச்சி 112 கிலோ, 210 தூக்குகிறார், 1.88. ஏழாவது இடம்.

இங்கேதான் பிரச்சினை தொடங்கியது. "செயலாளர் ஒல்லி, அதனால்தான் இந்தக் கணக்கு" என்று குழுவில் ஒருவர் எழுதினார். அவர் ஒன்பது மாதச் சந்தா பாக்கி. அது வேறு விஷயம். அண்ணாச்சி எழுதவெல்லாம் இல்லை, நேராக வந்து கேட்டார்: "ஏ தம்பி, இளவட்டக்கல்லு ஒன் எடையக் கேட்டுட்டா எந்திரிக்கும்?"

உண்மையைச் சொன்னால் அன்று எனக்குப் பதில் வரவில்லை. நம் பக்கத்து ஊர்களில் இளவட்டக்கல்லைத் தூக்கித் தோளுக்குப் பின்னால் போட்டவனுக்குப் பெண் கொடுத்தார்கள் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். வடலிவிளையில் இன்றும் பொங்கலுக்கு நடக்கிறது, பெண்களும் தூக்குகிறார்கள். கல் எல்லோருக்கும் ஒரே கல்தான். மூட்டையும் அப்படித்தான். 75 கிலோ நெல் மூட்டை, தூக்குகிறவன் ஐம்பதா நூறா என்று பார்த்து எடை குறைவதில்லை.

அப்புறம் எடைமேடைச் சண்டை. கழக எடைமேடை அண்ணாச்சிக்கு 115 காட்டியது. அவர் மண்டிக்குப் போய், முத்திரை வைத்த தராசில் ஏறி 112 என்று போட்டோ எடுத்து அனுப்பினார். நானும் போய் ஏறினேன். இங்கே 59½, அங்கே 58. ஆக நம் மேடைதான் கூட்டிக் காட்டியிருக்கிறது, அதைத் திருத்தியதில் எனக்கும் லாபம் என்பதை மறைக்கவில்லை. ஆனால் அண்ணாச்சி அதோடு விடவில்லை. ஆள் அனுப்பி பார், பிளேட் எல்லாவற்றையும் மண்டிக்குக் கொண்டுபோய் நிறுத்தார். 20 கிலோ என்று நாம் இத்தனை வருஷம் நம்பிய பார் 17½. 20 என்று வார்த்திருந்த பிளேட்களில் ஒன்று 19.2, இன்னொன்று 20.7. அரை நாள் உட்கார்ந்து ஒவ்வொன்றிலும் உண்மை எடையை வெள்ளைப் பெயின்டில் எழுதினோம். எல்லோருடைய சாதனையும் நான்கைந்து கிலோ இறங்கியது. மேலே நான் சொன்னவை திருத்திய எண்கள்தான். கழகத்துக்கு இது நல்லதுதான் என்றாலும், நல்லது செய்கிற எண்ணத்தில் அண்ணாச்சி செய்தார் என்று என்னால் எழுத முடியாது.

துணைத்தலைவரின் மகள் கணிதம் படிக்கிறார். அப்பாவை அழைத்துப்போக வந்தவர் பலகையைப் பார்த்துவிட்டு, "மாமா, இது ஒல்லியா இருக்கவங்களுக்குச் சாதகமான கணக்கு" என்றார். எல்லோர் முன்னாலும். காரணம் சொன்னார். தசையின் பலம் அதன் குறுக்குவெட்டுப் பரப்பைப் பொறுத்தது, உடல் எடை கன அளவைப் பொறுத்தது. உடம்பு பெருக்கப் பெருக்க எடை ஏறுகிற வேகத்தில் பலம் ஏறாது. எறும்பு தன்னைப்போல் பல மடங்கைச் சுமக்கிறது, யானையால் முடியாது, அதுவும் இதனால்தானாம். ஆகவே உடல் எடையால் அப்படியே வகுக்காமல், எடையின் மூன்றில் இரண்டு அடுக்கால் வகுக்க வேண்டும். அறுபது கிலோ ஆள் நூறு தூக்கினால் அதற்குச் சமமாகத் தொண்ணூறு கிலோ ஆள் 150 தூக்க வேண்டும் என்கிறது என் பலகை. அவர் கணக்கில் 131 போதும்.

அதற்கு ஓர் உதாரணமும் சொன்னார். ஜார்ஜியாவின் லாஷா தலகாட்ஸே 2021 உலகப் பளுதூக்கும் போட்டியில் 267 கிலோவைத் தலைக்கு மேல் நிறுத்தினார். ஆள் சுமார் 180 கிலோ. மடங்கு என்று பார்த்தால் ஒன்றரை. "அவர் உங்க பலகையில எத்தனாவது மாமா?" என்று அந்தப் பெண் கேட்டார். மினி பஸ் தம்பி சத்தமாகச் சிரித்தார். சர்வதேசப் போட்டிகளிலும் வெவ்வேறு எடைக்காரர்களை ஒப்பிட வெறும் வகுத்தல் போடுவதில்லை, சின்க்ளேர் என்ற கணக்கு இருக்கிறது, ஸ்குவாட், பெஞ்ச், டெட்லிஃப்ட் மூன்றும் சேர்ந்த பவர்லிஃப்டிங் போட்டியில் வில்க்ஸ் கணக்கு இருந்தது என்பதையும் அவர்தான் போனில் எடுத்துக் காட்டினார்.

அந்தப் பெண் சொன்ன மூன்றில் இரண்டு அடுக்கு முறையில் கணக்குப் போட்டுப் பார்த்தோம். லோடுமேன் தம்பி அப்போதும் முதல், 10.5. மினி பஸ் 9.8. மண்டி அண்ணாச்சி 9.0, மூன்றாவது. நான் 8.3, ஐந்தாவது. இதனால்தான் நான் பலகையை மாற்றத் தாமதித்தேன் என்பது அவதூறு. மூன்றில் இரண்டு அடுக்கு என்றால் என்னவென்று கேட்கிற ஒவ்வொருவருக்கும் கரும்பலகை முன்னால் நின்று யார் விளக்குவது? மடங்கு என்றால் சின்னப் பையனுக்கும் புரிகிறது. பலகை மாறிய பிறகு சேர்ந்த பதினான்கு பையன்களில் ஒன்பது பேர் இன்றும் வருகிறார்கள். முன்பு இரண்டு பேர் தங்கினாலே அதிகம்.

பெண்கள் பிரிவு காலை பத்து முதல் பதினொன்று வரை தடையில்லாமல் நடக்கிறது. அவர்களுக்குத் தனிப் பட்டியல். தையல்கடை அக்கா 49 கிலோ, 85 தூக்குகிறார். டோக்கியோ ஒலிம்பிக்கில் பளுதூக்கலில் வெள்ளி வாங்கிய மீராபாய் சானுவும் 49 கிலோ பிரிவு, அவர் 115-ஐத் தலைக்கு மேலேயே தூக்கினார் என்று சொன்னேன். "அப்ப இன்னும் இருக்கு" என்று சொல்லிவிட்டு ஊசி நூல் பையை எடுத்துக்கொண்டு போனார். சண்டை எதுவும் இல்லை. சந்தாவும் பாக்கியில்லை.

சந்தா என்றதும் நினைவுக்கு வருகிறது. மாதம் 150 ரூபாய். அறுபத்திரண்டு உறுப்பினர்களில் ஒழுங்காகக் கட்டுகிறவர்கள் இருபத்து மூன்று பேர். நாள்கூலியில் வாழும் லோடுமேன் தம்பி ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதிக்குள் கட்டிவிடுகிறார். சின்க்ளேரா வில்க்ஸா என்று இரவு பன்னிரண்டு மணி வரை குழுவில் வாதாடியவர்களின் பாக்கியைக் கூட்டினால் புது மின்விசிறி இரண்டு வாங்கலாம். பெயர் சொல்லப் போவதில்லை. பாக்கியையும் உடல் எடையால் வகுத்து ஒரு பலகை போடலாமா என்று பொருளாளர் கேட்டார், நான்தான் வேண்டாம் என்றேன்.

வரவு செலவைப் பொறுத்தவரை, வரவு போன ஆண்டைவிடச் சற்றுக் குறைவு, செலவு சற்றுக் கூடுதல், இடைவெளியைத் தலைவர் கைமாற்றாகச் சரிசெய்திருக்கிறார். விவரம் பொருளாளரிடம் உள்ள நோட்டில் இருக்கிறது. சுவர் பூசியதற்கான ரசீது தேடப்பட்டு வருகிறது.

இடம் கொடுத்திருக்கும் கோயில் நிர்வாகத்துக்கும், சுண்ணாம்பு அடித்துத் தந்த உறுப்பினருக்கும், பஜ்ஜி போட்ட அக்காவுக்கும் நன்றி.

மண்டி அண்ணாச்சி நவம்பரிலிருந்து கூடத்துக்கு வருவதில்லை. அவரோடு வந்துகொண்டிருந்த நான்கு பேரும் வருவதில்லை. போன வாரம் அரிசி வாங்கப் போனபோது அவரே பேச்சை எடுத்தார். சரியான 20 கிலோ பாருக்கு விலை கேட்டு வைத்திருக்கிறாராம், பாதிப் பணம் தானே தருவாராம். "ஆனா பலகையில மொத்த எடைக்கும் ஒரு பத்தி போடுடே" என்றார். யோசித்தேன். பலகை அகலமானதுதான், மூன்று பத்தி தாராளமாகக் கொள்ளும்: தூக்கியது, மடங்கு, அந்தப் பெண்ணின் கணக்கு. பொதுக்குழு ஒப்புக்கொண்டால் ஆவணியில் எழுதிவிடுகிறேன்.

பாரின் மீதிப் பாதிக்குக் கழகத்தில் பணம் இல்லை. செயலாளர் பதவிக்கும் இந்த ஆண்டு யாரும் மனு கொடுக்கவில்லை. எனக்கு வீட்டில் வேலை இருக்கிறது, மூட்டுவலியும் இருக்கிறது. என்றாலும் வற்புறுத்தினால் மறுக்கிற ஆள் நான் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு முதல் ஒன்பது வரை பொருளாளர் ரசீதுப் புத்தகத்துடன் எடைமேடை அருகே உட்கார்ந்திருப்பார். மேடையைச் சரிசெய்தாகிவிட்டது.

இப்படிக்கு,
செயலாளர்