வழக்கறிஞர் விளம்பரம்: எது கூடும், எது கூடாது?

ஆசிரியருக்கு வணக்கம்.

'ஒரே மாதத்தில் விவாகரத்து', 'ஜாமீன் நிச்சயம்' என்று கறுப்பு கோட்டுடன் ரீல்ஸ் போடுவது பெருகிவிட்டது. வழக்கறிஞர்களை நெறிப்படுத்தும் அமைப்பான இந்திய பார் கவுன்சிலின் 36-வது விதி இதற்கு இடம் தரவில்லை. சுற்றறிக்கை, தரகர் வழியே வழக்குத் தேடுவதை மட்டுமல்ல, தான் நடத்திய வழக்கின் செய்தியோடு படம் போட வைப்பதையும் அது தடுக்கிறது. பெயர்ப்பலகை நியாயமான அளவில் இருக்க வேண்டும். முன்னாள் நீதிபதி, சங்கத் தலைவர், இன்ன வழக்கில் நிபுணர் என்றெல்லாம் அதில் எழுதக் கூடாது.

இந்த விதிக்கு 2008-இல் வந்த திருத்தம் இணையதளத்துக்கு மட்டும் கொஞ்சம் கதவு திறந்தது. பெயர், முகவரி, தொலைபேசி, மின்னஞ்சல், பதிவு எண், பதிவுத் தேதி, மாநில பார் கவுன்சில், கல்வித் தகுதி, வழக்காடும் துறை ஆகியவற்றைத் தரலாம். பலகையில் எழுதக் கூடாத துறை இணையதளத்தில் கூடும் என்பது விசித்திரம்தான். வெற்றிக் கணக்கு, கட்டணச் சலுகை, கட்சிக்காரர் பாராட்டு எதுவும் அந்தப் பட்டியலில் இல்லை.

ஆன்லைன் தளங்கள் வழியே வழக்குப் பிடிப்போர் மீது நடவடிக்கை எடுக்கும்படி 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆனாலும் புகார் இல்லாமல் பெரும்பாலும் எதுவும் நகராது. வழக்கறிஞர்கள் சட்டம் 1961, பிரிவு 35-இன்படி மாநில பார் கவுன்சிலில் எவரும் புகார் தரலாம். ரீல்ஸை அவர்கள் அழித்துவிட்டால் ஆதாரம் போய்விடும். எனவே முதலில் தேதி, இணைப்பு முகவரி தெரியும்படி திரைப்பிடிப்பு எடுத்துவிடுங்கள். கண்டிப்பு, இடைநீக்கம், பெயர் நீக்கம் வரை தண்டனை உண்டு. ஓராண்டுக்குள் ஒழுங்கு நடவடிக்கைக் குழு முடிக்காவிட்டால், அதே சட்டத்தின் 36பி பிரிவின்படி புகார் இந்திய பார் கவுன்சிலுக்கு மாறிவிடும்.

- ஒரு வழக்கறிஞர், திருச்சி