தேடலில் முதலில் வரும் பொய்

ஆசிரியருக்கு வணக்கம்.

2016 டிசம்பரில், ஹிட்லரின் நாஜிகள் நடத்திய யூத இனப்படுகொலை உண்மையில் நடந்ததா என்று கூகுளில் ஆங்கிலத்தில் தேடியவர்களுக்கு முதலில் வந்தது எது தெரியுமா? அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்று சாதிக்கும் 'ஸ்டார்ம்ஃபிரண்ட்' என்ற நவநாஜித் தளம். யூதர்களைப் பற்றிக் கேள்வியைத் தட்டத் தொடங்கினாலே, 'கொடியவர்களா' என்று தேடுபெட்டியே எடுத்துக்கொடுத்தது. நாளிதழ்களில் கண்டனம் எழுந்த பிறகுதான் கூகுள் நிறுவனத்தார் அந்தப் பரிந்துரையை நீக்கினார்கள். தேடல் முறையையும் திருத்தினார்கள்.

சரி, அடுத்த பொய் வரும்போது? 60 லட்சம் யூதர்கள் கொல்லப்பட்டதற்கு நாஜிகளின் சொந்த ஆவணங்களே சாட்சி. ஜெருசலேமின் யாத் வஷேம் போன்ற காப்பகங்கள் அவற்றை இணையத்தில் வைத்திருக்கின்றன. பிள்ளைகள் முதல் பதிலைத் தாண்டிப் போவதில்லை. அந்த இடத்தில் இந்த ஆவணங்கள் வர வேண்டும், ஆங்கிலத்தில் மட்டுமல்ல, எல்லா மொழிகளிலும்.

- ஒரு வாசகர், திருச்சி