கரூரில் சுயேச்சையாக நிற்பதென்றால்

அன்பு மகள் கயல்விழிக்கு,

அடுத்த மக்களவைத் தேர்தலில் கரூரில் சுயேச்சையாக நிற்கலாமா என்று அப்பாவிடம் கேட்டிருக்கிறாய். பதிலை அம்மா எழுதுகிறேன். தாராளமாக நில், கண்ணு. ஜெயிப்பாயா என்ற பேச்சுக்கே நான் வரவில்லை. காகித வேலையில் கோட்டை விட்டுப் பரிசீலனை நாளோடு ஊர் திரும்பும் சுயேச்சைகள் நிறைய. நீ அந்தக் கூட்டத்தில் சேரக்கூடாது.

முதலில் நாள் கணக்கு. 2024-இல் தமிழ்நாட்டில் மார்ச் 20 அறிவிக்கை, 27 மனுவுக்குக் கடைசி நாள், 28 பரிசீலனை, 30 வாபஸ், ஏப்ரல் 19 வாக்குப்பதிவு. நடுவில் நாலாம் சனியும் ஞாயிறும் வந்ததால் மனு வாங்கியது ஆறே நாள், அதுவும் காலை 11 முதல் மாலை 3 வரை. கட்சிக்காரர்களின் சின்னம் எல்லோருக்கும் தெரிந்தது. அவர்கள் அறிவிப்பு வந்த அன்றே சுவரில் எழுதலாம். உனக்கு வாபஸ் முடிந்த மாலைதான் சின்னம். பிரச்சாரம் ஏப்ரல் 17 மாலை ஓய்ந்தது. அந்தப் பதினெட்டு நாள்தான் ஒரு சுயேச்சையின் முழுத் தேர்தலும். மற்ற எல்லா வேலையும் அதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

உனக்கு ஓட்டு சென்னையில் இருக்கிறது. 25 வயது நிறைந்து, நாட்டின் எந்த மக்களவைத் தொகுதியிலாவது வாக்காளராக இருந்தால் போதும். இங்கே நிற்கத் தடையில்லை. ஆனால் உன் பெயர் இருக்கும் பட்டியல் பக்கத்தின் சான்றிட்ட நகலை அங்கே வாங்கி மனுவோடு வைக்க வேண்டும். இதைக் கடைசி வாரத்துக்குத் தள்ளாதே.

முன்மொழிபவர்கள்தான் பெரிய கண்ணி. அங்கீகரிக்கப்பட்ட கட்சி வேட்பாளருக்கு ஒருவர் போதும், உனக்குப் பத்துப் பேர். பத்துப் பேரும் கரூர் மக்களவைத் தொகுதியின் வாக்காளர்களாக இருக்க வேண்டும். கரூர் மாவட்டமும் கரூர் தொகுதியும் ஒன்றல்ல. வேடசந்தூர், அரவக்குறிச்சி, கரூர், கிருஷ்ணராயபுரம், மணப்பாறை, விராலிமலை என்று ஆறு சட்டமன்றத் தொகுதிகள், நான்கு மாவட்டங்களில் கிடக்கின்றன. குளித்தலைக்காரர் நம் மாவட்டத்தவர்தான், ஆனால் அவருக்கு ஓட்டு பெரம்பலூர் தொகுதியில். அவர் கையெழுத்துப் போட்டால் உனக்கு ஒன்பது பேர்தான். பட்டியல் திருத்தத்துக்குப் பிறகு பாக எண்ணும் (பட்டியலில் வாக்குச்சாவடிப் பகுதியின் எண்) வரிசை எண்ணும் மாறியிருக்கும்; பெயரே நீக்கப்பட்டிருக்கவும் கூடும். வாக்காளர் அட்டையைப் பார்த்து எழுதாதே, நடப்புப் பட்டியலைப் பார்த்து எழுது. கைநாட்டு வைப்பவர் என்றால் தேர்தல் நடத்தும் அலுவலர் அல்லது அதற்கு அதிகாரமுள்ள அலுவலர் முன்னால்தான் வைக்க வேண்டும். அதனால் கையெழுத்துப் போடத் தெரிந்தவர்களாகவே பார்.

ஒரு வேட்பாளர் நான்கு மனு வரை கொடுக்கலாம், டெபாசிட் ஒரு முறை கட்டினால் போதும். இரண்டு மனுவாவது கொடு, இரண்டிலும் வெவ்வேறு பத்துப் பேர். ஒன்றில் ஓட்டை விழுந்தால் மற்றொன்று காப்பாற்றும்.

அடுத்தது படிவம் 26, பிரமாணப் பத்திரம். சொத்து, கடன், வழக்கு, படிப்பு, கடந்த ஐந்து ஆண்டு வருமான வரிக் கணக்கு. உனக்கு, மாப்பிள்ளைக்கு, பிள்ளைகளுக்கு. எந்தக் கட்டத்தையும் வெறுமையாக விடாதே, கோடும் இழுக்காதே. ‘இல்லை’ அல்லது ‘பொருந்தாது’ என்று எழுத்தில் எழுது. வெறுமையாக விட்டு, நோட்டீஸ் கொடுத்த பிறகும் நிரப்பாவிட்டால் மனு தள்ளுபடிதான். எல்லாப் பக்கத்திலும் உன் கையெழுத்தும் நோட்டரி முத்திரையும் இருக்கட்டும். எழுத்துப்பிழை போன்ற சில்லறைக் குறைக்கு மனுவைத் தள்ளக்கூடாது என்று சட்டம் சொல்கிறது. அந்த வாதத்தை நம்பி மனு எழுதுவது மட்டும் வேண்டாம்.

தேர்தல் செலவுக்கென்று தனி வங்கிக் கணக்கு, மனு கொடுப்பதற்கு ஒரு நாள் முன்னதாகவாவது. உன் பெயரில், அல்லது தேர்தல் ஏஜென்டோடு (உன் சார்பில் தேர்தல் வேலையைப் பார்க்க நீ நியமிப்பவர்) கூட்டாக. மாப்பிள்ளையோடு கூட்டுக் கணக்கு செல்லாது. டெபாசிட் 25,000 ரூபாய். பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு 12,500. மனு கொடுத்த கையோடு, அரசியலமைப்புக்கு விசுவாசமாக இருப்பேன் என்ற உறுதிமொழியும் எடுத்துவிடு. பரிசீலனை நாளன்று காலையில் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டால் முடிந்தது கதை.

சின்னத்துக்கு மூன்று விருப்பம் எழுதலாம். கிழவிக்கும் ஒரு பார்வையில் புரியும் பொருளாக எடு. பெயர் விஷயம் இன்னும் கூர்மையானது. 2024-இல் ராமநாதபுரத்தில் ஓ. பன்னீர்செல்வம் சுயேச்சையாக நின்றபோது, அதே பெயர், அதே முதலெழுத்தோடு இன்னும் ஐந்து பேர் நின்றார்கள். அவர் பலாப்பழச் சின்னத்தை ஊரெல்லாம் பதியவைத்ததால்தான் இரண்டாம் இடம் பிடிக்க முடிந்தது. இந்தப் பெயர்க் குழப்பத்துக்காகத்தான் இயந்திரத்தில் வேட்பாளர் படமும் வைக்கிறார்கள்.

அதே ஆண்டு கரூரில் 54 பேர் களத்தில். ஓர் இயந்திரத்தில் 16 பொத்தான். நோட்டாவையும் சேர்த்து நான்கு இயந்திரம் வேண்டியிருந்தது. அங்கீகரிக்கப்பட்ட கட்சிகள் முதலில், பதிவு பெற்ற கட்சிகள் அடுத்து, சுயேச்சைகள் கடைசியில். ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் தமிழ் அகர வரிசை. நீ எந்த இயந்திரத்தில் எத்தனையாவது என்று நோட்டீஸில் பெரிதாகப் போடு. வெறும் சின்னத்தைக் காட்டி ஓட்டுக் கேட்டால், முதல் இயந்திரத்தில் தேடிப் பார்த்துவிட்டுக் கிடைத்ததை அழுத்திவிட்டு வந்துவிடுவார்கள். நோட்டீஸில் அச்சகத்தார், வெளியிடுபவர் பெயரும் முகவரியும் இல்லாவிட்டால் அது தனிக் குற்றம்.

பூத் ஏஜென்ட் எல்லா இடத்திலும் போட உன்னால் முடியாது. ஆயிரத்தைந்நூறுக்கு மேல் வாக்குச்சாவடி. உனக்கு ஓட்டு விழும் என்று நினைக்கும் ஊர்களில் மட்டும் போடு. இயந்திரம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் மாதிரி வாக்குப்பதிவு, ஓட்டுப்பதிவு தொடங்குவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் நடக்கும். ஏழு மணிக்கு ஓட்டு என்றால் ஐந்தரைக்கே ஆள் அங்கே இருக்க வேண்டும். மாலையில் படிவம் 17சி, அதாவது அந்தச் சாவடியில் பதிவான ஓட்டுக் கணக்கின் நகல் வாங்காமல் எழுந்து வரக்கூடாது. எண்ணும் நாளில் உன் கையில் இருக்கும் ஒரே ஆதாரம் அது.

டெபாசிட் திரும்ப வேண்டுமானால் செல்லும் ஓட்டில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்க வேண்டும். 11 லட்சம் ஓட்டு என்றால் 1,83,000-க்கு மேல். அது போய்விட்டது என்றே வைத்துக்கொள். போனால் 25,000 ரூபாய், அவ்வளவுதான். செலவுக் கணக்கு கொடுக்காமல் விட்டால்தான் ஆபத்து: மூன்று ஆண்டு எந்தத் தேர்தலிலும் நிற்க முடியாது. தோற்ற சுயேச்சைகள் சோர்ந்துபோய் விட்டுவிடுவது இதைத்தான். முடிவு அறிவித்த 30 நாளுக்குள் மாவட்டத் தேர்தல் அலுவலரிடம் கணக்கு போய்ச் சேர வேண்டும். உச்சவரம்பு 95 லட்சம். நீ அதன் பக்கத்தில்கூடப் போகமாட்டாய். ஆனால் ஒருவருக்கு ரொக்கமாக மொத்தம் 10,000 ரூபாய்க்கு மேல் கொடுக்கக்கூடாது என்பதில் மாட்டுவாய். ஆட்டோ, மைக் செட் வாடகையைத் தினம் தினம் ரொக்கமாகக் கொடுத்தால் அஞ்சாறு நாளில் தாண்டிவிடும். முதல் நாளிலிருந்தே வங்கி வழியாகக் கொடு. டீச் செலவு உட்படப் பதிவேட்டில் அன்றன்றைக்கே எழுது. பிரச்சார நாட்களில் தேர்தல் அதிகாரிகள் மூன்று முறையாவது ஆய்வுக்குக் கூப்பிடுவார்கள். அவர்களும் உன் வண்டியையும் நாற்காலியையும் எண்ணித் தனியாக ஒரு கணக்கு வைத்திருப்பார்கள். இரண்டும் பொருந்தாவிட்டால் கேள்வி வரும்.

உன் தேர்தல் ஏஜென்டாகப் பேச்சாளரைப் போடாதே, கணக்கு எழுதத் தெரிந்தவரைப் போடு. முன்மொழிய நினைத்திருக்கும் இருபது பேரின் பெயரையும் பாக எண்ணையும் அனுப்பு. இங்கே பட்டியலோடு ஒத்துப் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அம்மா