ஏறும்போது சேரும், இறங்கும்போது பிரியும்

பண்ணைக்காடு
மார்கழி 18

அன்பு மகள் கயலுக்கு,

பொங்கல் லீவில் நாலு பேராகக் கொடைக்கானல் மேல்மலையில் கூக்கால் பக்கம் வந்து, பாதையே இல்லாத ஒரு கரட்டின் உச்சிக்குப் போகப்போவதாக எழுதியிருந்தாய். வரைபடமும் வந்தது. வேண்டாம் என்றால் நின்றுவிடுகிற ஆளா நீ? அதனால் எப்படிப் போவது என்று எழுதுகிறேன்.

முதலில் அனுமதி. காப்புக்காட்டுக்குள் சொல்லாமல் நுழைவதே குற்றம். 2013-இல் கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம் வந்த பிறகு மேல்மலைக் காடுகள் பலவும் அதற்குள் இருக்கின்றன. மாவட்ட வன அலுவலகத்தில் எழுத்தாக வாங்கு. "சார்கிட்ட போன்ல சொல்லிட்டோம்" என்பதெல்லாம் செக்போஸ்ட்டில் எடுபடாது. காடு தெரிந்த ஒருவரைக் கூட அனுப்புவார்கள், அவர் சொல்வதே முடிவு. தர மறுத்தால் அதோடு விட்டுவிடு. தை மாதம் சரியான காலம். மாசி பிறந்துவிட்டால் எந்தக் கரடும் வேண்டாம். 2018 மார்ச் 11 அன்று குரங்கணியில் 20 பேருக்கு மேல் தீயில் போனது காய்ந்த புல் சரிவில்தான். தீ மேட்டைப் பார்த்து ஓடும்போது மனிதக் கால் அதற்கு ஈடு கொடுக்காது.

உன் வரைபடத்தைப் பார்த்தேன். சாலையிலிருந்து உச்சி நேர்கோட்டில் 1.2 கி.மீ., ஏற்றம் 260 மீட்டர். ஒற்றையடிப் பாதை இருந்தால் ஒரு மணி நேரம். பாதை இல்லாத சோலையில், அதாவது மலை மடிப்பில் அடர்ந்து நிற்கும் ஈரக்காட்டில், மணிக்கு அரை கிலோமீட்டர் போனாலே நல்ல நடை. ஏற 3 மணி, இறங்க இரண்டரை மணி என்று வைத்துக்கொள். காலை 7 மணிக்குச் சாலையை விட்டால், உச்சி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாலும் 12 மணிக்குத் திரும்பிவிட வேண்டும். சூரியன் ஆறு மணி தாண்டித்தான் மறையும், ஆனால் சோலைக்குள் ஐந்துக்கே கண் தெரியாது.

நீ போட்டிருக்கும் கோடு ஓடையோரமாகப் போகிறது. அதை மாற்று. ஓடைப் பள்ளத்தில்தான் செடி அடர்த்தி, வழுக்குப் பாறை, தொட்டால் அரிக்கிற செந்தட்டி எல்லாம். இரண்டு ஓடைகளுக்கு நடுவில் இருக்கிற மலைமுதுகைப் பிடித்து ஏறு. முதுகில் மண் ஆழம் குறைவு, மரம் குட்டை, காற்று வரும். காட்டுமாடு நடந்த தடமும் பெரும்பாலும் அங்கேதான் ஓடும். அந்தத் தடம் உன் திசையில் போகிறவரை அதிலேயே போ, விலகினால் விட்டுவிடு. மாட்டுக்கு உச்சி ஒரு பொருட்டல்ல. சாணி பச்சையாக, பளபளவென்று இருந்தால் நின்று, சாதாரணமாகப் பேசிக்கொண்டே ஒதுங்குங்கள். அதற்கு நீங்கள் வருவது முன்கூட்டியே தெரிய வேண்டும். தனியாக நிற்கும் ஆண் மாட்டுக்கு இன்னும் தூரம் கொடு.

கூக்காலில் நீ மூன்று விதக் காட்டைக் கடப்பாய். பைன் தோப்பு நடக்கச் சுலபம் போலத் தோன்றும்; சரிவில் அந்த ஊசிச் சருகு எண்ணெய் தடவிய பாய் மாதிரி வழுக்கும், குதிகாலை ஊன்றி நட. அடுத்தது வாட்டில், ஊட்டிக்காரர்கள் சீகை என்பார்கள். இதுதான் ஆளைக் கவிழ்க்கிற மரம். வேர் மேலாகவே ஓடுவதால் காற்றில் சாய்ந்து, ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். கையளவு பருமனில், சாம்பல் நிறப் பாசி படர்ந்து, பிடிக்க வாகாக ஒன்று நிற்கும். பிடித்து உடம்பை இழுத்தால் சடக்கென்று முறிந்து உன்னோடு கீழே வரும். எந்தத் தண்டையும் பிடிக்கும் முன் ஒரு தரம் ஆட்டிப் பார். உச்சியில் பச்சை இலை ஆடினால் உயிருள்ளது. வெட்டிய வாட்டிலின் அடிக்கட்டை சாய்வெட்டில் ஈட்டி போல நிற்கும், சருகு மூடியிருக்கும். இறங்கும்போது உட்கார்ந்து சறுக்கவே கூடாது என்பது இதனால்தான்.

சோலை வந்துவிட்டால் உள்ளே குளிர், ஈரம், ஒரே மாதிரி மரங்கள். திசை தப்புவது அங்கேதான். கையை வைக்கும் கிளையில் குழிவிரியன் சுருண்டிருக்கலாம், பார்த்துப் பிடி. நம் ஊரில் கிடைக்கிற பாம்புக்கடி மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்குக்குமானது. குழிவிரியனுக்கு அது இல்லை.

உடுப்பைப் பற்றி நீ எழுதிய பட்டியலில் முக்கியமானதை விட்டுவிட்டாய்: கண்ணைக் காக்கிற கண்ணாடி. வெல்டிங் கடையில் கிடைக்கிற சாதாரண வெள்ளைக் கண்ணாடி போதும். முன்னால் போகிறவர் விட்ட குச்சி பின்னால் வருபவர் கண்ணில் அடிப்பதுதான் இந்த நடையில் அடிக்கடி நேர்கிற காயம். ஆளுக்கு ஆள் மூன்று மீட்டர் இடைவெளி விடுங்கள். தோல் கையுறை, முழுக்கை, கெட்டித் துணியில் பேன்ட். தண்ணீர் தலைக்கு 3 லிட்டர். அரிவாள் வேண்டாம். காப்புக்காட்டில் ஒரு கிளை வெட்டினாலும் வழக்கு. தவிரவும், நீ வெட்டிய வழியில் அடுத்த வாரம் நாற்பது பேர் போவார்கள்.

உச்சியில் காட்சி எதையும் எதிர்பார்க்காதே, மரம்தான் இருக்கும். எது உச்சி என்பதே சந்தேகமாகும். அரை பாட்டில் தண்ணீரைக் கண் மட்டத்தில் பிடித்து, நீர்மட்டத்தின் கோட்டில் எதிரே இருக்கிற பாறையைப் பார். கோட்டுக்கு மேலே தெரிந்தால் அதுதான் உயரம், அங்கே போ. உன் கைக்கடிகாரம் காட்டும் உயரத்தை நம்பாதே. நம் பக்கத்தில் காற்றழுத்தம் தினமும் காலை பத்து மணி வாக்கில் கூடி மாலை நான்கு மணி வாக்கில் குறையும். மழை, புயல் எதுவும் வேண்டாம். அழுத்தம் குறைந்தால் கடிகாரம் உயரம் கூடியதாக நினைத்துக்கொள்ளும், 20, 30 மீட்டர்கூடத் தப்பும். நடுகல்லோ சூலமோ இருந்தால் செருப்பைக் கழற்றிவிட்டு ஒதுங்கி உட்காருங்கள்.

இனி இறக்கம். இதற்காகத்தான் இந்தக் கடிதமே. ஏறும்போது மலை உனக்கு உதவும்: எந்த முதுகைப் பிடித்தாலும் கடைசியில் ஒரே உச்சியில் போய்ச் சேரும். இறங்கும்போது அதே உச்சியிலிருந்து நாலைந்து முதுகுகள் பிரியும். மேலே இருந்து பார்த்தால் எல்லாமே சமதரை போல, ஒன்றும் தெரியாது. முதல் 50 மீட்டரில் பக்கத்து முதுகுக்கு மாறினால், அது தெரியும்போது நடுவில் ஒரு பள்ளம் விழுந்திருக்கும். திசையில் 10 பாகை (டிகிரி) தப்பினால் ஒரு கிலோமீட்டரில் 175 மீட்டர் விலகல்.

அதனால் ஏறும்போதே பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை திரும்பிப் பார். வருகிற வழி அந்தப் பக்கத்திலிருந்து வேறு முகம் காட்டும். சந்தேகமான இடத்தில் மட்டும் சிவப்புத் துணி கட்டு, திரும்பும்போது ஒவ்வொன்றாக எண்ணி அவிழ்த்துவிடு. நீ ஏறுவது 320 பாகை என்றால் இறங்குவது அதற்கு நேர் எதிரே, 140. உச்சியில் சாப்பிட உட்காரும் முன்பே திசைகாட்டியில் 140 வைத்துவிடு. சாப்பிட்டு எழுந்தவருக்கு எந்தப் பக்கமும் வந்த பக்கமாகத் தோன்றும். கடைசியில் முதுகு தட்டையாகிச் சாலை தெரியாத இடத்தில் சாலையில் நிறுத்திய ஜீப்பை நேரே குறிவைக்காதே. வேண்டுமென்றே 10 பாகை இடப்பக்கம் தள்ளி 130-இல் நட. சாலையில் ஏறியதும் ஜீப் வலப்பக்கம்தான் என்பது நிச்சயமாகிவிடும். குறிவைத்து நடந்து தப்பினால், வலமா இடமா என்று நிற்பாய்.

மூடுபனி இறங்கினால் உட்கார். வழி தப்பியது தெரிந்தாலும் உட்கார். ஓடை ஊருக்குப் போகும் என்று யாராவது சொன்னால் கேட்காதே. மேல்மலை விளிம்பில் ஓடை அருவியாக விழும், தெற்கே பெரியகுளம் பக்கம் இறங்குகிறவை எல்லாம் அப்படித்தான். நிமிடத்துக்கு ஆறு முறை விசில், ஒரு நிமிடம் ஓய்வு, மறுபடி ஆறு. மாலை 5 மணிக்கு உன் போன் வராவிட்டால் நான் வன அலுவலகத்துக்குப் போன் செய்வேன்; நான்கு பேர் பெயரும், ஏறுகிற இடமும் முந்தின நாளே எனக்கு வர வேண்டும்.

ஊருக்குப் போய் ஒன்று முதல் மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால், அக்குளிலும் இடுப்பிலும் சிகரெட் சுட்ட மாதிரி கருப்பு வடு இருக்கிறதா என்று பார். இருந்தால் அது ஸ்க்ரப் டைபஸ், செடிகளில் இருக்கிற நுண்ணிய உண்ணி கடித்து வருகிற காய்ச்சல். டாக்டரிடம் முதல் வார்த்தையே காட்டில் நடந்தேன் என்பதாக இருக்கட்டும். டாக்சிசைக்ளினில் அடங்கிவிடும், தாமதித்தால் நுரையீரலைப் பிடிக்கும்.

அன்புடன்,
அப்பா

பி.கு.: திசைகாட்டியைப் போனோடு ஒரே பையில் போடாதே. உன் போன் உறையில் காந்தப் பட்டன் இருக்கிறது, முள் அதைத்தான் காட்டும்.